மூலச்சேட்டனுக்குத் தண்ணீர் வந்த நாள்

சொட்டு மருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு முறை. முதல் சொட்டு எட்டு இருபதுக்கு விழுந்தது. மூன்றாவது சொட்டுக்காக நர்ஸ் அண்ணனின் முகவாயைப் பிடித்து அண்ணாந்து பார்க்கச் சொன்னபோது எட்டு நாற்பது. சொட்டை விட்டார். பிடித்த கையை எடுக்கவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். கோளாறு இருந்ததால்தான் வந்திருந்தோம். இது புதிதாக இன்னொன்று என்று நினைத்தேன்.

"சேச்சீ, இது நம்முடெ மூலச்சேட்டன் அல்லே?" என்று நர்ஸ் என்னிடம் கேட்டார். அக்கா, இது நம்ம மூலச்சேட்டன்தானே என்று மலையாளத்தில்.

 பக்கத்து நாற்காலியில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இடது கண்ணில் சொட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் அன்றைய பேப்பர். அவர் முதல் பக்கத்தை மடித்து நர்ஸிடம் நீட்டினார். நர்ஸ் அதை அண்ணனின் காதோரம் பிடித்து, படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் மட்டும் போதாது, ஆளை எழுப்பி நிறுத்தினால்தான் தெரியும் என்று கண்டக்டர் சொன்னார்.

அண்ணன் எழுந்து நின்றார். மருத்துவமனையில் யார் எதைச் சொன்னாலும் செய்ய வேண்டும் என்று நான்தான் ஊரிலிருந்து வரும்போது சொல்லியிருந்தேன். இடது தோள் கொஞ்சம் தாழ்ந்து, வலது கால் அரை அடி முன்னால், தலை சற்றே மேல்நோக்கி. வேறு மாதிரி நிற்க அவருக்குத் தெரியாது.

"அது தன்னே," என்றார் கண்டக்டர், நல்ல கண்ணால் பார்த்து.

அண்ணனுக்கு மலையாளம் கேட்டால் பாதி புரியும், வாசிக்கத் தெரியாது. சொட்டு விழுந்த கண்ணில் எதுவும் தெரியவில்லை. மற்றதிலும் புரை. என் பக்கம் என்று நினைத்து ஜன்னலைப் பார்த்துத் திரும்பி, "என்ன சொல்லுதாவோ பிள்ளே?" என்று கேட்டார்.

"பேப்பர்ல ஒரு படம் வந்திருக்கு. அது அண்ணன மாரி இருக்காம்."

"யாரு போட்ட படம்?"

அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். பச்சைத் தொப்பி மாட்டி அழைத்துப் போனார்கள். "நான் போட்டது" என்று நான் சொன்னபோது கதவு சாத்தியிருந்தது. ஆகவே நாட்குறிப்பில் 'சொன்னேன்' என்று எழுதவில்லை.

மம்பட்டிக்காரர்

இந்தத் தொடரில் இதுவரை என் மேசையைப் பற்றியும் பேனாக்களைப் பற்றியும் என்னைச் சகித்துக்கொண்ட மூன்று ஆசிரியர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். மூலச்சேட்டனைப் பற்றி எழுதாதது மறதியால் அல்ல.

திருவனந்தபுரத்தில் ஒரு மலையாள நாளிதழின் முதல் பக்கத்தில் இருபத்திரண்டு வருடமாகத் தினமும் ஒரு சிறிய கட்டத்துக்குள் கார்ட்டூன் வரைகிறேன். கட்டத்தின் நடுவில் மந்திரிகளோ அதிகாரிகளோ பேசிக்கொண்டிருப்பார்கள். இடது கீழ் மூலையில் தலையில் துண்டும் தோளில் மம்பட்டியுமாக ஒருவர் நிற்பார். மம்பட்டி என்றால் மண்வெட்டி. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். அவர் ஒரு நாளும் பேசியதில்லை. நான் அவருக்குப் பெயர் வைக்கவில்லை. மூலையில் நிற்பதால் வாசகர்கள் மூலச்சேட்டன் என்றார்கள். சேட்டன் என்றால் அண்ணன்.

செய்தி எங்கே இருந்தாலும் அவர் அங்கே போய் நிற்பார். விழிஞ்ஞத்தில் துறைமுகம் வந்தபோதும் மம்பட்டியோடு நின்றார். கடலில் மம்பட்டிக்கு என்ன வேலை என்று ஒரு வாசகர் கேட்டு எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. பதில் எழுதவில்லை.

அவர் என் அண்ணன் சிவதாணு. நாஞ்சில் நாட்டில் எங்கள் வயலை இன்றும் அவர்தான் பயிர் செய்கிறார். அந்த ஊருக்கு எங்கள் பேப்பர் போவதில்லை. நானும் ஊருக்குப் போகும்போது எடுத்துப்போனதில்லை. பத்திரிகையில் படம் போடுகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தேன். வானிலைப் பகுதியில் சூரியனும் மேகமும் வரைவது என் வேலை என்று அவராக முடிவு செய்துகொண்டார். மழை பொய்த்தால் போன் செய்து, "நீ நல்லாத்தான் வரைஞ்சிருப்ப, அது வரலைன்னா நீ என்ன செய்வ" என்று ஆறுதல் சொல்வார். நான் திருத்தியதில்லை.

முகத்தை மட்டும் எடுத்திருந்தால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். நான் எடுத்தது அவர் வாழ்க்கையில் ஒரு நாளை. அதுவும் அவர் யாரிடமும் பேச விரும்பாத நாளை.

அவர் உள்ளே இருந்த நாற்பது நிமிடத்தில் ஒரு முடிவுக்கு வந்தேன். கட்டு அவிழ்த்த பிறகு படங்களைக் காட்டுவேன். நிறுத்து என்று சொன்னால் அன்றோடு மூலச்சேட்டனை நிறுத்துவேன். அவர் இல்லாமல் அந்தக் கட்டம் நிற்காது. அது இல்லாமல் எனக்குப் பத்திரிகையில் வேலை இல்லை. இதையும் யோசித்துத்தான் முடிவு செய்தேன்.

தாராவும் பின்னங்காலும்

படம் வரைய எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்பவர்களுக்கு வயலில் என்று சொன்னால், அடக்கத்தால் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். உண்மை அதுதான்.

அறுவடை முடிந்த வயல்களுக்குத் தாரா மேய்ப்பவர்கள் வருவார்கள். தாரா என்பது வாத்து. ஐந்நூறு தாராக்கள் ஒரே திசையில் போய்க்கொண்டிருக்கும். காரணம் தெரியாமல் ஒன்று திரும்பும். உடனே ஐந்நூறும் திரும்பும். திரும்பிய பிறகு, முதலில் திரும்பியது எது என்று கண்டுபிடிக்க முடியாது. வரப்பில் உட்கார்ந்து நான் அதைத்தான் கண்டுபிடிக்க முயன்றேன். பிற்காலத்தில் கட்சிக் கூட்டங்களை வரைய இதற்கு மேல் ஒரு பயிற்சி எனக்குத் தேவைப்படவில்லை.

எங்கள் வீட்டுச் செவலைப் பசு உதைப்பதற்கு முன் பின்னங்காலை ஒரு முறை மாற்றி வைக்கும். அதைப் பார்த்தால் செம்பை எடுத்துக்கொண்டு விலகிவிட வேண்டும். பதவி விலகப் போகிற மந்திரி ஒருவர் பேட்டியில் அப்படி நின்றார். அன்று மாலை நான் வரைந்தேன், மறுநாள் அவர் விலகினார். உள்தகவல் எப்படிக் கிடைத்தது என்று ஆசிரியர் கேட்டார். பசுவைப் பற்றிச் சொன்னேன். அவர் அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்பதைக் குறைத்துக்கொண்டார்.

என் முதல் படம் நெல்லின் மேல் போட்டது. களத்தில் அடித்த நெல்லைக் குவித்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோகும் வரை யாரும் கை வைக்காமலிருக்க அதன் மேல் சாம்பலால் கோடு போட்டுக் குறி வைப்பார்கள். நெல்லை அள்ளினால் கோடு கலையும். எனக்குக் கை நடுங்காது என்பதால் அப்பா ஒன்பது வயதில் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். நான் கோடு போடவில்லை. ஒரு தாரா போட்டேன். காலையில் அப்பா பார்த்தார். திட்டுவதற்கு வாயைத் திறந்தார். ஆனால் தாரா அலகு முதல் வால் வரை அப்படியே இருந்தது. கோட்டைக் கலைத்துவிட்டுத் திரும்பப் போட்டுவிடலாம். அந்தத் தாராவைத் திரும்பப் போட ஊரில் ஆள் கிடையாது. அறுவடை முடியும் வரை தாராவே போடச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை முறை

எங்கள் வயல் கடைமடை. ஓடைத் தண்ணீர் மேலே உள்ள எல்லாரும் பாய்ச்சிய பிறகுதான் எங்களுக்கு வரும். அதற்காகத்தான் முறை. இன்ன வயலுக்கு இன்ன கிழமை, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை. எங்கள் முறை செவ்வாய்க்கிழமை காலை ஆறு முதல் மதியம் பன்னிரண்டு வரை. ஆறு மணிக்கு மேல்வயல்காரர் தன் மடையை அடைக்க வேண்டும். அண்ணன் போய் எங்கள் மடையை வெட்டிவிட வேண்டும்.

தை மாதம். கதிர் பால் பிடிக்கிற நேரம். அப்பா படுக்கையில் இருந்தார். அண்ணனுக்கு இருபத்தைந்து வயது, எனக்குப் பத்தொன்பது.

அன்று ஆறு மணிக்கு மேல்வயல்காரர் மடையை அடைக்கவில்லை. வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். தன் வயலுக்குப் போதவில்லை, இன்னும் கொஞ்சம் ஆகட்டும் என்றார். வேறு யாராக இருந்தாலும் அண்ணன் மடையில் இறங்கியிருப்பார். ஆனால் அந்த மனிதரின் மகனுக்குத்தான் எங்கள் அக்காளைப் பேசி முடித்திருந்தது. கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

பத்தரை மணிக்கு நான் சோறு கொண்டுபோனேன். அண்ணன் மம்பட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, காய்ந்த ஓடையின் கரையில் நின்றார். பின்பக்கமிருந்து பார்த்தேன். பன்னிரண்டு மணி வரை அப்படியே நின்றுவிட்டு, முறை முடிந்ததும் வீட்டுக்கு வந்தார். மேல்வயல்காரரிடம் ஒரு சொல் பேசவில்லை. அந்தப் பூவில், அதாவது அந்தப் போகத்தில், எங்களுக்கு வைக்கோல் மட்டும் மிஞ்சியது. கல்யாணம் குறித்த நாளில் நடந்தது.

எங்கள் ஊரில் இன்றும் யாராவது பஸ்ஸுக்கு அதிக நேரம் காத்து நின்றால், "என்ன, தாணு முறையா?" என்று கேட்பார்கள். அண்ணன் காதுபடவும் கேட்பார்கள்.

பன்னிரண்டு வருடம் கழித்து எங்கள் ஆசிரியர், கட்டத்தின் ஓரத்தில் சும்மா நிற்க ஒரு ஆள் வேண்டும் என்றார். பேனா யோசிக்கவே இல்லை.

புதுக் கண்

ஒன்பது இருபத்தைந்துக்கு அண்ணனை வெளியே கொண்டுவந்தார்கள். வலது கண்ணில் கட்டு. நர்ஸ் என்னிடம் தாளைத் தந்தார்: பாரம் தூக்கக் கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது, குனியக் கூடாது. அண்ணனிடம் வந்து, நாளை கட்டு அவிழ்க்கும்போது ஒரு செல்பி வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அண்ணன் சரி என்றார். எதற்கு என்று அவரிடம் கேட்கவில்லை. என்னிடமும் கேட்கவில்லை.

கேட்காமலே ஸ்ரீவராகத்தில் என் வீட்டுக்கு வந்தார். கேட்காமலே மறுநாள் கட்டு அவிழ்த்து, செல்பிக்கு நின்று, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு திரும்பினார். சாப்பிட்டு முடித்த பிறகு, "அந்தப் படத்தக் கொண்டா" என்றார்.

எந்தப் படம் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. ஞாயிறும் விடுமுறையும் போக ஆறாயிரத்துச் சொச்சம் இருந்தது. எல்லாவற்றையும் மாத வாரியாகக் கோப்பில் வைத்திருக்கிறேன். முதல் வருடத்திலிருந்து தொடங்கினேன். ஒரு நேரத்தில் அரை மணிக்கு மேல் பார்க்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், அரை மணி ஆனதும் கோப்பை மூடி வாங்கிக்கொண்டேன். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. மந்திரிகளை அவர் பார்க்கவில்லை. விரல் நேராக இடது மூலைக்குப் போயிற்று. படத்துக்குப் படம் மூலையை மட்டும் பார்த்துப் புரட்டினார். சிரிக்கவில்லை. மூன்று நாள் இப்படிப் போயிற்று. அந்த மூன்று நாளும் நான் மூலச்சேட்டனை வரைந்துதான் அனுப்பினேன். 

மூன்றாம் நாள் மாலை கோப்பை மூடியது அவர்.

"இது அந்தச் செவ்வாக்கிழமதான?"

"ஆமா."

"சோறு கொண்டுட்டு வந்தியே. எம்புட்டு நேரம் பொறத்தால நின்னு பாத்த?"

"கொஞ்ச நேரம்."

நாட்குறிப்பின்படி இருபத்தைந்து நிமிடம்.

"சோறு ஆறிப் போய்ட்டு, கேட்டியா," என்றார்.

கோப்பை வாங்கி அலமாரியில் வைத்தேன். பிறகு நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "நிறுத்திரட்டா அண்ணே?"

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றக் கூடாது. 

"நிறுத்தாண்டாம். ஆனா ஒரு மனுசன் இருவத்திரண்டு வருசமா நிக்கான். ஒரு நாளாவது அவனுக்குத் தண்ணி விட்டியா நீ? மேல்வயக்காரனுக்கும் ஒனக்கும் என்ன வித்தியாசம்?"

குனியக் கூடாது

தண்ணீர் விடுவது என்று முடிவாயிற்று. உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, எனக்கு அவரை நிற்க வைத்து மட்டும்தான் வரையத் தெரியும். மடையை வெட்டுகிற மனிதனின் முதுகு எப்படி வளையும், எந்தக் கால் எங்கே இருக்கும் என்று ஆறாயிரம் முறை யோசிக்காமல் இருந்திருக்கிறேன். அண்ணன் செய்து காட்டலாம். ஆனால் அவர் குனியக் கூடாது.

ஆகவே நான் குனிந்தேன். புழக்கடையில் இரண்டு வாழைக்காக ஒரு மம்பட்டி வைத்திருக்கிறேன். செல்போனைத் துளசித் தொட்டியில் சாய்த்து வைத்து, படம் தானாக எடுக்கும்படி செய்துவிட்டு, சிமெண்டுத் தரையில் மடை வெட்டினேன். அண்ணன் நாற்காலியில் இருந்தபடி சொன்னார். இடுப்பை ஒடிக்காதே, கால் முட்டியை மடக்கு. இடது கால் வரப்பில், வலது கால் ஓடையில். மம்பட்டியை ஓங்க வேண்டாம், இழுத்தால் போதும். ஐம்பத்து மூன்று வயதில் ஓடை எது வரப்பு எது என்று சிமெண்டில் நினைவு வைத்துக்கொள்வது சுலபமில்லை. இரண்டு முறை வரப்பில் தண்ணீர் விட்டுவிட்டேன்.

அடுத்த வீட்டு மாமி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "ஏண்டிம்மா, இடுப்புப் பிடிச்சுண்டுடுத்தா?"

"இல்ல மாமி, வயலுக்குத் தண்ணி பாச்சுதா," என்றார் அண்ணன்.

மாமி சிமெண்டுத் தரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எங்காத்துக் கொழாய்லயும் கார்த்தாலேந்து சொட்டு ஜலம் இல்லை. முடிஞ்சா இந்தப் பக்கமும் திருப்பி விடுங்கோ," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்று அனுப்பிய படத்தில் மந்திரி இல்லை, பேச்சு இல்லை. மூலச்சேட்டன் மூலையை விட்டு நடுவுக்கு வந்து, முட்டியை மடக்கி, மடையை இழுத்துக்கொண்டிருந்தார். கணுக்கால் வரை தண்ணீர். உடம்பு என்னுடையது, முகம் அண்ணனுடையது.

ஆறரைக்கு ஆசிரியர் கூப்பிட்டார். இது எந்தச் செய்திக்கு என்று கேட்டார். எங்கள் ஊரில் தண்ணீர் வந்துவிட்டது என்றேன். வேறு பத்திரிகைகளுக்கு இந்தச் செய்தி கிடைத்திருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். போட்டார்.

பதினொன்று

காலையில் அண்ணன் பேப்பரைப் புதுக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அரை மணி முடிந்தது. நான் வாங்கவில்லை.

"இதுலயும் பேச மாட்டானா?"

"அவரு என்ன பேசுவாருன்னு எனக்குத் தெரியாதே அண்ணே."

"எனக்குத் தெரியும். அன்னைக்கு ஆறு மணியில இருந்து பன்னெண்டு மணி வரைக்கும் சும்மாவா நின்னேன்? ஒவ்வொண்ணா அடுக்கி வச்சிருக்கேன். எழுதிக்கோ."

நாட்குறிப்பை எடுத்தேன். அவர் சொன்னார். சத்தம் உயரவில்லை, விதைநெல்லுக்கு ஆள் அனுப்புகிற குரலில்தான் சொன்னார். ஏழு நிமிடம் ஆயிற்று. மேல்வயல்காரரில் தொடங்கி, அவருடைய மடைக்குப் போய், வெற்றிலைக்கு வந்து, மறுபடி அவரிடம் திரும்பி முடிந்தது. இடையில் நான் நிறுத்தச் சொன்னது ஒரே முறை, பேனா மாற்ற. மொத்தத்தில் பத்திரிகையில் அச்சிட முடியாத சொற்கள் பதினொன்று. அவற்றில் நான்குக்கு மலையாளத்தில் சரியான சொல்லும் இல்லை.

முடித்ததும், மருந்து நேரமாகவில்லையா என்று கேட்டார். இரண்டு நிமிடம் கடந்திருந்தது.

பதினொன்றும் அச்சில் வராது என்று சொன்னேன். அவருக்கு அதில் வருத்தமில்லை. அவன் எப்போதும்போல நிற்கட்டும் என்றார். மறுநாளிலிருந்து மூலச்சேட்டன் மூலைக்குத் திரும்பிவிட்டார். வாயின் கோட்டை மட்டும் கொஞ்சம் இறுக்கிப் போடுகிறேன். ஒரு வாசகர் கவனித்து, மூலச்சேட்டனுக்குப் பல்வலியா என்று எழுதியிருக்கிறார்.

இந்த அத்தியாயத்தை எழுதுவதற்கு முன் ஒரு அனுமதி பாக்கியிருந்தது. மேல்வயல்காரர் எங்கள் அக்காளின் மாமனார். அவருக்கு இருபத்தொன்பது வருடம் சோறு போட்டவள் அவள். அவர் பெயர் கெட்டுப்போகக் கூடாது என்றால் இதை எழுத மாட்டேன் என்று அவளுக்குப் போன் செய்து சொன்னேன். அண்ணன் அன்று மடையில் இறங்காதது தன் கல்யாணத்துக்காகத்தான் என்று அவளுக்கு முதலிலிருந்தே தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"மாமா போயி அஞ்சு வருசமாச்சு. எழுதுகதுன்னா எழுது," என்றாள். பிறகு, "தாணு அண்ணன் சொன்னதுன்னியே, அத வாசி."

"அக்கா, அது கேக்க முடியாது."

"வாசி பிள்ளே."

பதினொன்றையும் வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் 'ம்' போட்டாள்.  

"ஒண்ணு விட்டுப்போச்சே," என்றாள் அக்கா.

சொன்னாள். பன்னிரண்டாவதாக எழுதிக்கொண்டேன்.